எஞ்சினைப் புதுப்பிக்கும்போது இணைப்புத் தண்டைத் தேர்ந்தெடுத்தல்

வரதய்யபாளையம், சத்தியவேடு பகுதிகள் பருவமழைக் காலத்தில் வெள்ளத்திற்கு உட்படுவன. 2015 நவம்பரிலும் 2021 நவம்பரிலும் பெய்த பெருமழைகளைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தார் மறந்திருக்கமாட்டார்கள். வெள்ளத்தில் மூழ்கிய டீசல் எஞ்சினை, சிலிண்டருக்குள் புகுந்த நீரை வெளியேற்றாமல் இயக்க முற்படுவது பெருந்தீங்கு விளைவிக்கும். நீர் அமுக்கத்திற்கு இடங்கொடாது; ஆகவே மேலேறும் பிஸ்டன் தடைப்பட்டு, அதைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளைந்துவிடுகிறது. அதன்பின் எஞ்சின் ஓடினாலும், காலையில் கிளம்ப மறுக்கும், புகை கக்கும். உரிமையாளரோ ஊசிமுனைக் குழலின் மீது பழி சுமத்துவார்.

இவ்வாறு வளைந்த தண்டை நிமிர்த்திப் பூட்டுவதினும் மாற்றுவதே முறை. ஆயின் அசல் உறுப்பு கிடைக்காதவிடத்து, பிறர் தயாரித்த தண்டைக் கடையில் வாங்க நேரிடுகிறது. அதைத் தேர்ந்தெடுக்கும் வகையைக் களப்பணியாளரும் தொழிற்கல்வி ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

பட்டறைகளில் ‘கனெக்டிங் ராடு’ என வழங்கும் இவ்வுறுப்பு, பிஸ்டனின் நேர் இயக்கத்தைக் கிராங்கின் சுழற்சியாக மாற்றுகிறது. வெடிப்பின்போது அது அமுக்கப்படுகிறது. கழிவுப்புகை வெளியேறி பிஸ்டன் உச்சியில் திரும்பும்போது இழுக்கப்படுகிறது. 87.5 மி.மீ. விட்டமும் 110 மி.மீ. வீச்சும் உடைய கிர்லோஸ்கர் டி.வி. 1 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் பிஸ்டன் பரப்பு 60 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 60 கிலோ அழுத்தம் என்று கொண்டால், தண்டின்மீது 3,600 கிலோ பாரம் இறங்கும். இழுவையோ இதைவிட மிகக் குறைவு. ஆயினும் அதைத் தாங்குவன பெரிய முனையின் போல்ட்டுகளே. நிமிடத்திற்கு 1,500 சுற்று ஓடும் எஞ்சினில் அவை நிமிடத்திற்கு 750 முறை இவ்விழுப்பிற்கு உள்ளாகின்றன. ஒரு போல்ட் அறுந்தால் தண்டு கிராங்க் பெட்டியின் சுவரைத் துளைத்து வெளிவரும். தண்டின் விலையை மிச்சம் பிடிக்கப்போய் எஞ்சினையே இழப்பது இவ்வாறுதான்.

முதலில் எஞ்சினின் பெயர்த் தகட்டைப் படித்து, வகையையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். ‘ஐந்து குதிரைச் சக்தி எஞ்சின்’ என்று சொல்லிக் கேட்பது போதாது. இங்கிலாந்தின் லிஸ்டர் எஞ்சினைப் பின்பற்றி ராஜ்கோட்டில் பல பட்டறைகள் எஞ்சின் செய்துவந்தன. தோற்றம் ஒன்றேயாயினும் அளவுகள் எல்லாவற்றிலும் ஒன்றல்ல. பெயரை நம்பாது அளவை நம்புக.

அளவுகளுள் தலையாயது இரு துளைகளின் மையங்களுக்கிடையேயுள்ள நீளம். மேற்கூறிய டி.வி. 1 எஞ்சினில் இது 234 மி.மீ. இதில் அரை மி.மீ. மாறினால் என்ன என்று கேட்பவர் உண்டு. கணக்கிட்டுப் பார்ப்போம். வீச்சுக் கொள்ளளவு 661 கன செ.மீ.; அமுக்க விகிதம் 17.5 எனில், பிஸ்டன் உச்சியிலுள்ளபோது எஞ்சும் இடம் 40 கன செ.மீ. மட்டுமே. தண்டு அரை மி.மீ. நீண்டிருந்தால் அவ்விடத்தில் 3 கன செ.மீ. குறைந்து, விகிதம் 18.8 ஆகும், பிஸ்டன் தலையில் இடிக்கவும் கூடும். ஒரு மி.மீ. குறுகினால் விகிதம் 15.3க்கு இறங்கும், காற்று போதிய சூடேறாது, குளிர்ந்த எஞ்சின் கிளம்பாது. வெள்ளத்தில் வளைந்த தண்டின் நோயும் இதுவே. வளைவு என்பது ஒருவகைக் குறுக்கம் அன்றோ!

ஆகையால் பூட்டிய பின்னர், பிஸ்டன் மீது மெல்லிய ஈயக் கம்பித் துண்டுகளை வைத்து, சிலிண்டர் தலையை உரிய முறுக்கத்தில் இறுக்கி, பறக்கும் சக்கரத்தைக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். நசுங்கிய ஈயத்தின் கனமே இடைவெளி. அதை எஞ்சின் கையேட்டில் கண்ட அளவோடு ஒப்பிடுக.

அடுத்தது பெரிய முனை. கிராங்கைக் கடைந்து 0.25 அல்லது 0.50 மி.மீ. குறைத்திருந்தால் தண்டை மாற்ற வேண்டுவதில்லை. அவ்வளவிற்கேற்ற பேரிங் ஓடுகளை வாங்கினால் போதும். இதனைப் பலர் குழப்பிக்கொள்கின்றனர். தண்டும் அதன் மூடியும் ஒருங்கே கடையப்பட்ட இணை. இரண்டிலும் ஒரே எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்றன் மூடியை மற்றொன்றிற்கு மாட்டலாகாது. ஓடு இல்லாமல் மூடியை இறுக்கி, துளையை மூன்று திசைகளில் அளந்தால் அது வட்டமா முட்டை வடிவமா என்பது புலப்படும். பேரிங் ஓட்டின் நாக்கு பதியும் பள்ளமும், எண்ணெய்த் துளையும் பழைய தண்டில் உள்ள இடத்திலேயே இருத்தல் வேண்டும். எண்ணெயை வாரித் தெறிக்கும் கரண்டி அமைந்த எஞ்சின்களில் அதன் நீளமும் முகம் நோக்கும் திசையும் முக்கியம். திசை மாறினால் எண்ணெய் ஏறாது. பேரிங் விரைவில் எரிந்துவிடும்.

சிறிய முனையின் புஷ்ஷை, எண்ணெய் தடவிய பிஸ்டன் ஊசி பெருவிரல் அழுத்தத்தில் நழுவிச் செல்லுமளவுக்குப் பொருத்துக.

தண்டு நேராயுள்ளதா என்பதை வகுப்பறையிலேயே காட்டலாம். இரு துளைகளிலும் பொருத்தமான உருளைக் கம்பிகளைச் செருகி, பெரிய முனைக் கம்பியை வி-கட்டைகள்மீது வைத்து, சிறிய முனைக் கம்பியின் இரு நுனிகளின் உயரத்தையும் அளவு மானியால் ஒப்பிட வேண்டும். தண்டை நிமிர்த்தி வைத்து அளந்தால் வளைவும், படுக்கவைத்து அளந்தால் முறுக்கமும் தெரியும். 100 மி.மீ. நீளத்திற்கு 0.05 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருப்பின் அத்தண்டை ஒதுக்குக. வெடிப்பைக் காண, மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்துச் சுண்ணாம்புப் பொடி பூசினால், வெடித்த இடத்தில் ஈரக் கோடு தோன்றும்.

எடையையும் பார்க்க வேண்டும். மேற்படி எஞ்சினில் சிறிய முனையில் 100 கிராம் கூடினால், ஒவ்வோர் உச்சித் திருப்பத்திலும் ஏறக்குறைய 17 கிலோ இழுவிசை கூடுகிறது. பல சிலிண்டர் எஞ்சினில் தண்டுகள் எடையில் ஒத்திருக்க வேண்டுவதும் இதனாலேயே.

போல்ட்டுகளைப் புதிதாகவே போடுக. பழையனவற்றுள் நீண்டுபோனவை கண்ணுக்குத் தெரிவதில்லை. கையேட்டில் கண்ட முறுக்கத்தில், முறுக்கமானியால், மாறி மாறிப் படிப்படியாக இறுக்குக. பின்னர்ப் பாரமின்றிச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்தி, சற்றே ஆறவிட்டுப் பக்கக் கதவைத் திறந்து பெரிய முனையைத் தொட்டுப் பார்க்கலாம். அண்டை உறுப்புகளைவிட அது மிகச் சூடாயிருந்தால் உடனே கழற்றி நோக்க வேண்டும். சில மணி நேரம் பாரத்துடன் ஓடியபின் எண்ணெயை வெள்ளைத் துணியில் வடித்துப் பார்க்கும்போது மினுங்கும் துகள்கள் மிகுந்திருப்பின், பம்பு செட்டை வயலுக்கு அனுப்பலாகாது.