மென்பொருள் கற்கப் பணம் தடையல்ல: எங்கே தொடங்குவது, எப்படி முடிப்பது?

 

பிளஸ் டூ, டிப்ளமோ, பட்டப்படிப்பு என்று முடித்துவிட்டு நிற்கும் நம் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் நம்மிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "கம்ப்யூட்டர் கோர்ஸ் எதில் சேரலாம்? எவ்வளவு செலவாகும்?" அத்தா வளைகுடாவில் உழைத்து அனுப்பிய பணத்தையோ, அம்மாவின் நகையை அடகு வைத்து வாங்கிய பணத்தையோ "வேலை நிச்சயம்" என்ற விளம்பரத்தை நம்பிக் கட்டிவிடும் முன்பு, இந்தக் கட்டுரையை ஒருமுறை படித்துவிடுங்கள்.

மென்பொருள் எழுதுவதற்கான அடிப்படைப் பாடங்கள் ஏறக்குறைய முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கணிசமான பகுதி தமிழிலேயே இருக்கிறது. நம் ஊர்களில் குறைவாக இருப்பது பாடம் அல்ல. எதை முதலில் படிப்பது என்ற வரிசையும், தினமும் உட்கார ஓர் இடமும், கூடப் படிக்க நாலு பேரும்தான் குறைவு. பாடத்தை இணையம் தருகிறது, மற்றதை நாம் ஏற்பாடு செய்துகொள்ள முடியும்.

முதல் படி: தமிழில் தொடங்குங்கள்

ஆங்கிலம் சரளமாக வராது என்ற பயத்திலேயே பலர் தொடங்காமல் இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு இரண்டு இடங்களைச் சொல்கிறோம்.

ஒன்று, கணியம். 2012 முதல் கட்டற்ற மென்பொருள் குறித்துத் தமிழில் எழுதிவரும் தன்னார்வலர்களின் இணைய இதழ் இது. எச்.டி.எம்.எல், மைஎஸ்க்யூஎல் போன்ற பாடங்களைத் து. நித்யா 'எளிய தமிழில்' என்ற வரிசையில் நூல்களாக எழுதியிருக்கிறார். அவற்றை இலவசமாகத் தரவிறக்கலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். கூகுளில் 'கணியம்' என்று தமிழில் தட்டினாலே தளம் வந்துவிடும்.

இரண்டு, மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்'. மத்திய அரசின் கல்வித் துறை நிதியுதவியில் உருவான திட்டம். ஒவ்வொரு பாடமும் ஏறக்குறைய பத்து நிமிட வீடியோ. லினக்ஸ், சி, ஜாவா, பைத்தான் எனப் பல தலைப்புகள் உள்ளன. பல பாடங்களுக்குத் தமிழ்க் குரல் விளக்கமும் உண்டு. திரையில் ஆங்கிலம், காதில் தமிழ் என்பதால், கணினிச் சொற்களும் கூடவே பழகிவிடும். வீடியோவைப் பார்க்கும்போதே பக்கத்தில் நீங்களும் தட்டிப் பார்க்க வேண்டும் என்பதுதான் இதன் முறை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் பயனில்லை.

இரண்டாம் படி: ஒரே ஒரு பாதை

அடிப்படை புரிந்த பிறகு பெரிய பாடத்திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கீழே உள்ள மூன்றில் ஒன்று போதும்.

இணையதளம் உருவாக்க விரும்புவோருக்கு ஃப்ரீகோட்கேம்ப். 2014-ல் குயின்சி லார்சன் தொடங்கிய லாப நோக்கமற்ற அமைப்பு இது. பாடம், பயிற்சி, சான்றிதழ் எதற்கும் கட்டணம் இல்லை. பெரும்பாலான பயிற்சிகளை பிரவுசரிலேயே செய்யலாம், கணினியில் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. எச்.டி.எம்.எல், சி.எஸ்.எஸ், ஜாவாஸ்கிரிப்ட் என்ற வரிசையில் போங்கள்.

கல்லூரி மாணவர்களுக்கு என்.பி.டி.இ.எல். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்துவது. சென்னை கணிதவியல் நிறுவனத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் பைத்தான் வழியாகக் கற்பிக்கும் பாடம் இதில் உண்டு. பாடம் இலவசம், தேர்வெழுதிச் சான்றிதழ் பெற விரும்பினால் மட்டும் கட்டணம்.

ஆங்கிலம் ஓரளவு பழகியவர்களுக்கு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சி.எஸ்.50. பேராசிரியர் டேவிட் மாலன் நடத்துகிறார். ஸ்கிராட்ச் என்ற எளிய கருவியில் தொடங்கி சி, பைத்தான் என்று ஏறிப்போகும். வீட்டுப் பயிற்சிகள் கடினமானவைதான், ஆனால் அடித்தளம் உறுதியாக அமையும்.

இவை தவிர, கல்லூரியில் படிப்பவர்கள் 2022-ல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் தங்கள் கல்லூரிக்கு என்னென்ன பயிற்சிகள் உள்ளன என்பதைப் பேராசிரியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்று பைத்தான், நாளை ஜாவா, அடுத்த வாரம் வேறொன்று என்று தாவுவதுதான் இலவசப் பாடத்தில் உள்ள பெரிய ஆபத்து. பணம் கட்டாததால் பாதியில் விடவும் மனம் கூசுவதில்லை. ஒன்றை எடுங்கள், அதை முடிக்கும்வரை வேறு வீடியோ வேண்டாம். தினமும் ஒரு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் என்று வைத்தால் ஆறு மாதத்தில் 150 மணி நேரத்துக்கு மேல் சேரும். ஒரு மொழியின் அடிப்படையைக் கற்று, சிறிய வேலைகளைச் சொந்தமாகச் செய்ய இது போதுமானது.

செய்து பார்க்க ஒரு பயிற்சி: ஜகாத் கணக்கு

பாடம் புரிந்ததா என்பதை ஏதாவது ஒன்றைச் செய்து பார்த்தால்தான் தெரியும். முதல் பயிற்சியாக ஜகாத் கணக்கிடும் சிறு நிரலை எழுதிப் பாருங்கள்.

முதலில், நிரல் மூன்று விவரங்களைக் கேட்க வேண்டும்: ஓராண்டு கையிருப்பில் உள்ள தொகை, கழிக்க வேண்டிய கடன், இன்றைய விலைப்படி நிஸாப் தொகை. இரண்டாவது, கையிருப்பிலிருந்து கடனைக் கழிக்க வேண்டும். மூன்றாவது, மீதி நிஸாபை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். எட்டவில்லை என்றால் "ஜகாத் கடமையாகவில்லை" என்று காட்ட வேண்டும். எட்டினால் இரண்டரை சதவீதத்தைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும்.

கையிருப்பு ரூ.4,00,000, கடன் ரூ.50,000 என்று வைத்துக்கொள்வோம். மீதி ரூ.3,50,000. இது நிஸாபுக்கு மேல் இருந்தால் ஜகாத் ரூ.8,750. இந்தத் தொகை திரையில் வந்தால் உங்கள் நிரல் சரி. பிறகு கடனைக் கையிருப்பைவிடக் கூடுதலாகக் கொடுத்துப் பாருங்கள். எண்ணுக்குப் பதில் எழுத்தைக் கொடுத்துப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறதோ அங்கே திருத்துங்கள். உள்ளீடு, கணக்கு, நிபந்தனை, வெளியீடு, பிழை திருத்தம் ஆகிய ஐந்தும் இந்த ஒரே பயிற்சியில் வந்துவிடும். (எந்தக் கடனைக் கழிக்கலாம் என்பது போன்ற மஸாயில்களை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

இது நமக்குப் புதிய வழியும் அல்ல. படிப்படியான கணக்கு முறைக்கு இன்று உலகமே சொல்லும் 'அல்காரிதம்' என்ற சொல், ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது. அவர் எழுதிய அல்ஜீப்ரா நூலில் வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகளுக்கென்றே ஒரு பெரிய பகுதி உண்டு.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

சான்றிதழ் மட்டும் வேலை வாங்கித் தராது. நீங்கள் செய்து முடித்த இரண்டு மூன்று வேலைகளைக் கிட்ஹப் தளத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்கிச் சேர்த்து வையுங்கள். நேர்காணலில் காட்டுவதற்கு அதுவே உதவும். ஆறு மாதத்தில் வேலை நிச்சயம் என்று நாமும் சொல்ல மாட்டோம். ஆனால், இந்தத் துறை நமக்கு ஒத்துவருமா என்பதைப் பணம் இழக்காமல் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. அதன் பிறகும் பயிற்சி நிலையம் தேவை என்று தோன்றினால், என்ன கேட்டுச் சேர வேண்டும் என்ற தெளிவோடு சேரலாம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் முழு நிரலையும் எழுதித் தரச் சொல்லாதீர்கள். நீங்கள் எழுதியதில் வந்த பிழைக்குக் காரணம் என்ன என்று கேளுங்கள். முந்தையது பழக்கத்தைக் கெடுக்கும், பிந்தையது கற்றுத் தரும்.

செல்போனில் பாடம் பார்க்கலாம், ஆனால் நிரல் எழுத விசைப்பலகை வேண்டும். புதிய லேப்டாப்தான் வேண்டும் என்பதில்லை. வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப்பில் இலவச லினக்ஸ் நிறுவினால் தொடக்கப் பாடங்களுக்குப் பெரும்பாலும் போதும்.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள்

சென்னையும் கோவையும்தான் இதற்கு ஏற்ற இடங்கள் என்று நினைக்க வேண்டாம். விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு என்ற தன்னார்வலர் அமைப்பு, கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகக் கணினிப் பயிற்சி அளித்து வருகிறது. பெரம்பலூர், அரியலூர், லெப்பைக்குடிகாடு, வி.களத்தூர் என நம் ஊர்களிலும் இது முடியும்.

மதரஸா நேரம் போக ஓர் அறை, நான்கு பழைய கணினிகள், இணைய இணைப்பு, தினமும் குறித்த ஒரு மணி நேரம் ஆகியவை இருந்தால் தொடங்கலாம். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். படித்து முடித்து, திருமணத்துக்குப் பின் வீட்டிலிருக்கும் நம் சகோதரிகள் பலருக்கு வெளியூர் போய்ப் படிக்க வழியில்லை. வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலைகளும் உள்ள துறை இது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் மென்பொருள் துறையில் இருக்கும் நம் ஊர்ச் சகோதரர்கள், வாரம் ஒரு மணி நேரம் வீடியோ அழைப்பில் சந்தேகம் தீர்த்து வைத்தால் அது பெரிய உதவி. பயன்தரும் கல்வியைக் கற்றுக்கொடுப்பது நிலையான தர்மம் என்பதை நாம் அறிவோம்.

இந்த வாரமே ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் உட்காருங்கள். நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான வாழ்வாதாரத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.