சுழன்றும் இயங்காத இயந்திரம்

பொழுது புலருமுன் பால்வெட்டுக்குப் புறப்படும் தோட்டப் பாட்டாளிக்கு மோட்டார் சைக்கிள் இன்றியமையாதது. உதைத்ததும் இயந்திரம் சுழன்று, ஆயினும் இயங்காவிடில், அன்றைய வருமானமே குறைகிறது. கார்புரேட்டர் வகை வண்டிகளில் காரணத்தை அறியும் எளிய வழியைக் காண்போம்.

இயந்திரம் இயங்கப் பெட்ரோல், காற்று, தீப்பொறி, அழுத்தம் ஆகிய நான்கும் தேவை. சாவி, பெட்ரோல் இருப்பு, பெட்ரோல் திறப்பு ஆகியவற்றை முதலில் பார்ப்போம். அவை சரியெனில், இயந்திரம் ஆறிய பின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவோம். பலமுறை உதைத்தும் அதன் முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. குழாயிலோ கார்புரேட்டரிலோ அடைப்பு இருக்கலாம். முனை நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது; அது மிகுந்துவிட்டதாலோ தீப்பொறி குன்றியதாலோ பற்றவில்லை. அப்போது முனையை உலர்த்திக் கரியை நீக்குவோம். பிளக் மூடியில் புகுந்த மழைநீரையும் துடைப்போம்.

பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும். ஆகவே இவ்வேலையைத் திறந்தவெளியில் மட்டுமே செய்தல் வேண்டும்; அருகில் புகைபிடித்தலோ விளக்கேற்றலோ கூடாது.

அதன் பின்னும் இயங்காவிடில் பட்டறையை நாடுவோம். முனை உலர்ந்திருந்ததா, நனைந்திருந்ததா என்று எடுத்துரைக்க வல்லவர், தேவையற்ற உறுப்புக்குப் பணம் இழக்கமாட்டார்.