இல்லத்து உரையாடல்

கல்வி பாடசாலையில் தொடங்குவதன்று, இல்லத்தில் தொடங்குவது. குழந்தை முதன்முதற் கற்கும் மொழி, தாயும் தந்தையும் பாட்டியும் அதனோடு பேசும் பேச்சேயாம். அப்பேச்சு இன்று பல இல்லங்களில் அருகி வருகின்றது. அதன் காரணத்தையும் பரிகாரத்தையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையில் 1979 ஆம் ஆண்டிலே தொலைக்காட்சி தொடங்கிற்று. அது வீட்டிலுள்ளோர் அனைவரையும் ஒரே திசை நோக்கி இருத்தியது. கைத்தொலைபேசியோ ஒவ்வொருவரையும் ஒவ்வொரு திசைக்கு ஈர்க்கின்றது. 2020 ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில் பாடங்களும் அதன் வழியே வந்தன. ஆதலின் அதனை முற்றாக விலக்குதலும் இயலாது.

1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் தடைப்பட்டது; அவ்விருள் பல்லாண்டு நீடித்தது. அப்போது யான் சிறுவன். மண்ணெண்ணெய் அரிய பொருளாதலின் எம் வீட்டில் ஒரு போத்தல் விளக்கே எரியும். எம் பாடமும், அம்மாவின் தையலும், அப்பாச்சியின் கதையும் அதன் அருகிலேயே நிகழ்ந்தன. அந்த இருளையும் அச்சத்தையும் மீண்டும் விரும்புவார் எவருமிலர். ஆயினும் அவ்வொரு விளக்கு எம்மை ஒரு வட்டமாக இருத்திற்று. இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வோர் ஒளி உண்டு, வட்டம் இல்லை.

இக்குறை பிள்ளைகளுக்கு மாத்திரம் உரியதன்று. சென்ற ஆண்டு ஓரிரவு என் இளைய மகள் பாடசாலையில் நடந்த ஒன்றைச் சொல்லத் தொடங்கினாள். யான் கைத்தொலைபேசியை நோக்கியவாறே “ம்” கொட்டினேன். “பரவாயில்லை அப்பா, நான் பிறகு சொல்லுறன்” என்று அவள் எழுந்து சென்றாள். செவிகொடுத்தலை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியன் தன் மகளுக்குச் செவிகொடுத்திலன்!

இனிப் பரிகாரம். இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை ஆகாதென உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அறிவுறுத்தியது. ஆனால் விலக்குதல் மட்டும் போதாது. வெறுங்கையோடிருந்து “பேசுவோம்” என்றால் பேச்சு வாராது. கைக்கு ஒரு தொழில் வேண்டும். முருங்கையிலை உருவுதல், பயறு தெரிதல், பேரப்பிள்ளை பாட்டிக்கு ஒரு பக்கம் வாசித்தல் முதலியன போதும். இராச் சாப்பாடு முடியும்வரை பெற்றோர் தம் கருவியை முதலில் அலுமாரியில் வைத்தல் வேண்டும்.

ஆடிப்பிறப்புக்கு முன்னாள் எம் வீட்டார் யாவரும் கொழுக்கட்டை பிடிக்க அமர்ந்தோம். மா படிந்த கை எதனையும் தொடவில்லை. யாரும் கேளாமலே என் மகள், அன்று விட்ட கதையை அங்கே சொல்லி முடித்தாள். தோழி ஒருத்தி ஊரைவிட்டுப் போய்விட்ட துயரம் அது. இரு வாரமாக அதனை அவள் தனியே சுமந்திருக்கிறாள்.

பழைய மாணவர்களே, கடல்கடந்து வாழ்வோர்க்குத் திரை ஒரு பாலமே; அதனை யான் குறைகூறேன். ஒரே கூரையின் கீழ் வாழ்வோரோ அதனைச் சிறிது நேரம் அப்பால் வைத்து, ஒரு விளக்கின் கீழ் அமர்வாராக.