விற்பனைக் கணக்கை வகைபிரித்தல்

ஒருகொடவத்தையிலிருந்து களனிப் பாலத்தைக் கடந்தால் பேலியகொடை. புறக்கோட்டையில் இருந்த மெனிங் மொத்தச் சந்தை 2020ஆம் ஆண்டில் அங்கு மாற்றப்பட்டது. தம்புள்ளையிலோ 1999ஆம் ஆண்டு தொடக்கம் பொருளாதார மத்திய நிலையம் இயங்கி வருகின்றது. கத்தரிக்காயை இவ்விரண்டில் எங்கு ஏற்றுவது என்பதைக் கமக்காரர் பலர் அயலவர் சொற்கேட்டே தீர்மானிக்கின்றனர். விடை அவர்தம் கணக்குக் கொப்பியிலேயே கிடக்கின்றது.

விளக்கத்துக்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கமக்காரர் ஒருவர் "கொழும்பு" என்னும் தலைப்பின்கீழ் ஒரு மாதத்துக் கத்தரி விற்பனை மூன்றை எழுதியுள்ளார். பேலியகொடையில் கிலோ 180 ரூபாயாக 300 கிலோ. அங்கேயே 150 ரூபாயாக 200 கிலோ. ஒருகொடவத்தையிலுள்ள சில்லறைக் கடையொன்றுக்கு 320 ரூபாயாக 20 கிலோ. மூன்று விலைகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் ஏறத்தாழ 217 ரூபாய் வரும். தம்புள்ளையில் அவர் விற்ற 500 கிலோவுக்குக் கிடைத்தது 92,500 ரூபாய்; அஃதாவது கிலோவுக்கு 185. ஆகவே கொழும்பே மேலெனக் கருதி அடுத்த லொறியையும் அங்கேயே அனுப்புவார்.

இது பிழையான கணக்கு. மொத்த வரவாகிய 90,400 ரூபாயை மொத்த நிறையாகிய 520 கிலோவால் வகுத்தால் 174 ரூபாய்கூடத் தேறாது. சில்லறை விற்பனையை வேறு தலைப்பில் எழுதினால், பேலியகொடையில் கிடைத்தது 168 ரூபாயே என்பது புலனாகும். லொறிக் கூலியும் தரகும் இன்னும் கழிக்கப்படவில்லை!

சிறு விற்பனைகளை நீக்கிப் பார்ப்பதிலும் அவதானம் வேண்டும். அதே கமக்காரர் பச்சை மிளகாயை ஆறு நாட்களில், நாளொன்றுக்கு 30 கிலோ வீதம், கிலோ 400 ரூபாயாக விற்றார் என்க. 100 கிலோவுக்குக் குறைந்த வரிகளையெல்லாம் முதலில் அடித்துவிட்டுப் பின்னர் கூட்டினால், 72,000 ரூபாய் தந்த மிளகாய் கணக்கிலேயே இராது. பயிர்வாரியாகக் கூட்டிய பின்னர் 100 கிலோவுக்குக் குறைந்த பயிர்களை நீக்கினால், 180 கிலோ மிளகாய் நிலைத்து நிற்கும். எந்தப் பயிரைக் கைவிடலாம் என்று ஆராய்பவருக்கு இரண்டாவது முறையே ஏற்றது. கணினியில் கணக்கு வைப்போரும் வடிகட்டல் கூட்டலுக்கு முன்னர் நிகழ்கின்றதா, பின்னர் நிகழ்கின்றதா என்பதைப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். பொறி கேட்டதைச் செய்யுமேயன்றி, கேட்க நினைத்ததைச் செய்யாது.

நெல்லுக்குத் தலைப்பு ஆண்டன்று, போகமே. பெரும்போகத்தில் அறுத்த நெல்லைச் சேமித்து ஆவணியில் விற்றாலும் அவ்வரவு பெரும்போகக் கணக்கையே சேரும். அதன் பசளைச் செலவும் அங்கேதான் உள்ளது. சம்பாவையும் நாட்டையும் ஒன்றாக எழுதலாகாது. நெல் சந்தைப்படுத்தும் சபை உத்தரவாத விலைக்கு 14 சதவீத ஈரப்பதன் கேட்கின்றது. களத்திலேயே ஈரமாக விற்ற நெல்லை உலர்ந்த நெல்லின் நிறையோடு கூட்டினால் சராசரி விலை பொய்யாகிவிடும். ஆதலால் ஒவ்வொரு வரியிலும் திகதி, போகம், இனம், ஈரமா உலர்ந்ததா என்பது, நிறை, விலை, வாங்கியவர் மொத்த வியாபாரியா சில்லறைக் கடைக்காரரா என்பது ஆகியவற்றை விற்ற அன்றே குறித்தல் வேண்டும்.