திட்டத்துக்குள் திட்டம்: சப்மாட்யூலா, சப்ட்ரீயா?

ஒரு மென்பொருளின் மூலநிரலுக்குள், தனக்கெனச் சரித்திரமும் ஆசிரியர்களும் உடைய வேறொரு மென்பொருளைக் குடியமர்த்த நேரும்போது, பதிப்பு மேலாண்மைக் கருவியான கிட், சப்மாட்யூல், சப்ட்ரீ என்ற இரண்டு மார்க்கங்களைத் திறந்து வைத்திருக்கிறது. எது சிலாக்கியமானது என்று கேட்குமுன், உட்திட்டத்தைத் திருத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று விசாரிப்பதே உசிதம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

2007-இல் 1.5.3 பதிப்போடு வந்த சப்மாட்யூல், உட்திட்டத்தின் கோப்புகளைத் தன்னுள் ஏற்காமல், அதன் இன்ன கமிட் என்ற குறிப்பை மட்டும் வெளித்திட்டத்தில் பதித்து, அது கிடைக்கும் விலாசத்தைத் தனிக் கோப்பொன்றில் எழுதிவைக்கிறது. இதனால் உட்திட்டத்தின் சுதந்திரம் அணுவளவும் பங்கப்படுவதில்லை. ஆயினும் சாதாரணமாகக் குளோன் செய்தவர் காலியான அடைவையே காண்பார். அப்டேட் செய்த பின்னும் உட்திட்டம் வழக்கமாக எந்தக் கிளையையும் சாராமல் நிற்பதால், அதை அறியாமல் அங்கே கமிட் செய்தவரின் உழைப்பு, அடுத்த அப்டேட்டின்போது கண்ணுக்கு மறைந்துபோகக்கூடும். உள்ளிருப்பதைப் புஷ் செய்ய மறந்து வெளித்திட்டத்தை மட்டும் அனுப்பிவிட்டால், சகாக்களிடம் போய்ச் சேருவது அவர்களால் எங்கும் தேடிப் பெற இயலாத கமிட்டின் குறிப்பு. புஷ் கட்டளையில் 'செக்' என்ற சோதனையை நிரந்தரமாக அமைத்துக்கொண்டால் இவ்விபத்து நேராது. இதைச் செய்யாமல் சப்மாட்யூலைக் கையாளவே கூடாது.

2012-இல் 1.7.11 பதிப்பில் துணைக் கருவியாகச் சேர்ந்த சப்ட்ரீயோ, உட்திட்டத்தின் கோப்புகளையே ஓர் அடைவில் இணைத்துவிடுவதால், குளோன் செய்பவர் விசேஷமாக எதையும் கற்க வேண்டியதில்லை. திருத்தங்களை மூலத்துக்குத் திருப்பி அனுப்பும்போதுதான் சரித்திரத்தைப் பிரித்தெடுக்கும் சிரமம் எழுகிறது.

கிட்டின் சொந்த மூலநிரலிலேயே இவ்விரண்டுக்கும் திருஷ்டாந்தம் உண்டு: கிட்கே, கிட்-குயி ஆகிய கருவிகள் சப்ட்ரீ பாணியில் உள்ளே இணைக்கப்பட்டவை, ஷா-1 மோதலைக் கண்டறியும் நூலகமோ சப்மாட்யூலாகவும், அதை விரும்பாதவருக்காக நேர்ப் பிரதியாகவும் இருக்கிறது.

வெளியான பதிப்புகளை உபயோகிப்பது மட்டுமே நோக்கமானால் இரண்டும் அநாவசியம். மொழிக்குரிய பேக்கேஜ் மேலாளர் போதும். எப்போதும் சேர்ந்தே மாறுபவற்றை ஒரே களஞ்சியத்தில் வைப்பதே நியாயம். பிறர் பராமரிப்பதை அபூர்வமாகவே திருத்தும் சிறு குழுவுக்குச் சப்ட்ரீயையே சிபாரிசு செய்வேன். ஆனால் 'ஸ்குவாஷ்' என்ற சுருக்கத்தோடு தொடங்கியவர், பின்வரும் ஒவ்வொரு இணைப்பிலும் அதையே கையாள வேண்டும்.