சங்கிலியும் வாரும் தண்டும்

ஊருக்கு அருகில் நீர் நிறைந்த ஏரி இருப்பினும், வாய்க்கால் செம்மையாக அமையாவிடின் வயலில் பயிர் வாடும். ஆற்றல் இருப்பது ஒன்று. அவ்வாற்றல் வேண்டிய இடத்தைச் சென்று சேர்வது மற்றொன்று. மோட்டார் சைக்கிளின் நிலையும் இத்தகையதே. எஞ்சின் எத்துணை வலியதாயினும், அதன் சுழற்சி பின்சக்கரத்தை அடைந்தாலன்றி வண்டி ஓர் அடியும் நகராது. எஞ்சினில் பிறந்த சுழற்சி பற்சக்கரப் பெட்டியைக் கடந்தபின், பின்சக்கரத்திற்குச் செல்லும் இறுதி வழி மூவகைப்படும். அவை சங்கிலி, வார், தண்டு என்பன. இம்மூன்றனுள் சிறந்தது யாது என்னும் வினா, மோட்டார் சைக்கிள் தோன்றிய நாள்தொட்டு எழுந்துவரும் வினாவாகும்.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே மேன் தீவு என்னும் சிறு தீவு ஒன்று உள்ளது. 1907ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கிய மோட்டார் சைக்கிள் பந்தயம் உலகப் புகழ் வாய்ந்தது. 1911ஆம் ஆண்டில் அப்பந்தயத்தை நடத்தியோர், முன்னைய பாதையை விடுத்து, ஸ்நேஃபெல் என்னும் மலைமீது ஏறி இறங்கும் நெடும்பாதையைத் தேர்ந்தெடுத்தனர். அதனை ஒருமுறை சுற்றிவர 37 மைலுக்கு மேலாகும். அந்நாளில் ஆங்கிலேயர் செய்த வண்டிகளுட் பல வாரினால் இயங்கின. வார், கப்பியின் பள்ளத்தில் அழுந்திப் பற்றிக்கொள்வதனாலேயே சக்கரத்தைச் சுழற்றும். சமநிலத்தில் அது குறைவின்றிப் பணி செய்தது. செங்குத்தான ஏற்றத்திலும், மழையில் நனைந்தபோதும் அதன் பிடி தளர்ந்தது. எஞ்சின் சுழலும், வார் வழுக்கும், வண்டி தயங்கும்.

அவ்வாண்டு அமெரிக்காவில் செய்யப்பெற்ற 'இந்தியன்' என்னும் பெயருடைய வண்டிகள் பந்தயத்திற்கு வந்தன. அவை இருநிலைப் பற்சக்கரப் பெட்டியும் சங்கிலியும் உடையன. ஆலிவர் காட்ஃபிரே என்பவர் முதல்வராக வந்தார். முதல் மூன்று இடங்களையும் இந்தியன் வண்டிகளே பெற்றன. இவ்வெற்றிக்குச் சங்கிலி ஒன்றே காரணம் என்பது மிகையாகும். இருநிலைப் பற்சக்கரமும் பெருந்துணை புரிந்தது. ஆயினும், வழுக்காத இயக்கத்தின் அருமையை அம்மலை எல்லார்க்கும் உணர்த்திற்று. பின்னர்ச் சில ஆண்டுகளில் தோல்வார் மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. சங்கிலி அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது.

இன்று வழங்கும் உருளைச் சங்கிலியை அமைத்தவர் ஹான்ஸ் ரெனால்டு என்பவர். சுவிட்சர்லாந்தில் பிறந்து, இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தொழில் நடத்திய அவர், 1880ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். இரு தகடுகளை இணைக்கும் ஒரு சிறு குழல்; குழலுக்குள்ளே ஓர் ஆணி; குழலின்மேல் தளர்வாகச் சுழலும் ஓர் உருளை. இதுவே சங்கிலியின் ஒரு மூட்டு. பல்லின்மீது உராயாமல் உருளை உருண்டு அமர்வதால் தேய்வு குறைகிறது. தூய்மையும் எண்ணெய்ப் பசையும் உடைய சங்கிலி, தான் பெற்ற ஆற்றலில் நூற்றுக்கு ஏறத்தாழ 97 பங்கைச் சக்கரத்திற்கு அளித்துவிடும்.

சங்கிலிக்கு வேறு நலங்களும் உள. அது எடை குறைந்தது, விலை மலிந்தது, எவ்வூரிலும் கிடைப்பது. முன்பற்சக்கரத்தில் 15 பற்களும் பின்பற்சக்கரத்தில் 45 பற்களும் இருப்பின், முன்னது மூன்றுமுறை சுழலப் பின்னது ஒருமுறை சுழலும். மலைப்பாதைக்கு இன்னும் சிறிது இழுவை வேண்டுமெனின், முன்னே 14 பற்களுடைய சக்கரத்தை மாற்றி அமைத்தாற் போதும். இவ்வெளிமை ஏனைய இரண்டிற்கும் இல்லை. சென்னையை அடுத்து உருவாகும் ராயல் என்ஃபீல்டு புல்லட் முதலாக, நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களுட் பெரும்பாலன சங்கிலியால் இயங்குவதற்கு இதுவே காரணம்.

எனினும், சங்கிலி ஓயாது கவனிப்பை வேண்டி நிற்பது. நாளடைவில் சங்கிலி நீள்வதைக் காண்போர், இரும்பு இழுபட்டு நீண்டதென எண்ணுவர். உண்மை அதுவன்று. மூட்டுக்குள் இருக்கும் ஆணியும் குழலும் தேய்வதனாலேயே அந்நீளம் தோன்றுகிறது. ஒரு சங்கிலியில் 100 மூட்டுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு மூட்டும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே தேய்ந்தாலும், முழுச் சங்கிலியும் 10 மில்லிமீட்டர் நீண்டுவிடும். நீண்ட சங்கிலி பற்களின் அடியில் அமராது, நுனியை நோக்கி ஏறும். பற்கள் கொக்கிபோல வளையும். அந்நிலையில் சங்கிலியை மட்டும் மாற்றினால், தேய்ந்த பற்கள் புதிய சங்கிலியையும் விரைவில் கெடுத்துவிடும். ஆதலின் சங்கிலியையும் இரு பற்சக்கரங்களையும் ஒருசேர மாற்றுதலே முறையாகும்.

சங்கிலியை இறுக்கமாகக் கட்டிவிட்டால் நன்மை விளையும் என்று எண்ணுதலும் தவறு. சாலையின் மேடுபள்ளங்களில் பின்சக்கரம் மேலும் கீழும் அசையும்பொழுது, இரு பற்சக்கரங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு சிறிது மாறுபடுகிறது. அம்மாறுதலுக்கு இடங்கொடுக்கும் அளவிற்குச் சங்கிலியில் தளர்வு இருத்தல் வேண்டும். மிகை இறுக்கம் தாங்கிகளைக் கெடுக்கும். மிகைத் தளர்வு சங்கிலியைப் பற்களிலிருந்து நழுவச் செய்யும். ஓடும் வண்டியில் சங்கிலி அறுந்தால், அது முன்பற்சக்கரத்தில் திரண்டு எஞ்சினின் உறையை உடைப்பதும் உண்டு; பின்சக்கரத்தில் சிக்கி அதனை நிறுத்தி, ஓட்டுபவரைத் தூக்கி எறிவதும் உண்டு. சில துளி எண்ணெயைச் செலவிட மடிந்தவர், உயிரையே செலவிட நேரலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. எஞ்சினை ஓடவிட்டுப் பின்சக்கரம் சுழலும்பொழுதே, துணிகொண்டு சங்கிலியைத் துடைக்கும் வழக்கம் சிலரிடம் காணப்படுகிறது. துணியின் முனை பற்களில் அகப்பட்டால், கையை விலக்குவதற்குள் விரல்கள் சங்கிலிக்கும் பல்லுக்கும் இடையே சென்றுவிடும். இவ்வாறு விரல் இழந்தோர் உளர். எஞ்சினை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பித் துடைத்தலே தக்கது. சிறு வண்டிகள் பலவற்றில் சங்கிலியை மூடும் உறை உண்டு. அவ்வுறை தூசியையும் சேற்றையும் தடுப்பதோடு, வேட்டி சேலைகளின் தலைப்பு சங்கிலியில் சிக்காமலும் காக்கிறது. அழகுக்காக அதனைக் கழற்றி எறிவோர் இரு காவல்களை ஒருங்கே இழக்கின்றனர்.

இனி, வாரின் வரலாற்றைக் காண்போம். ஒருமுறை தோற்ற வார், எழுபதாண்டுகள் கழித்து மீண்டும் வந்தது. ஆனால், அது பழைய தோல்வார் அன்று. 1965ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டெபனி குவோலக் என்னும் வேதியியல் அறிஞர், பின்னாளில் கெவ்லார் எனப் பெயர் பெற்ற இழைக்கு வழிகண்டார். எடைக்கு எடை எஃகினும் பன்மடங்கு வலியது அவ்விழை. இத்தகைய இழைகளை உள்ளே பொதிந்து, உட்புறத்தில் பற்கள் அமைத்துப் புதிய வார் உருவாக்கப்பெற்றது. பற்கள் கப்பியின் பள்ளங்களில் பொருந்துவதால் வழுக்கல் என்னும் பழங்குறை நீங்கிற்று. தொடக்கக் காலத்தில் தோல்வாரைப் பயன்படுத்திப் பின்னர்ச் சங்கிலிக்கு மாறிய ஹார்லி டேவிட்சன் நிறுவனம், 1980ஆம் ஆண்டில் ஸ்டர்ஜிஸ் என்னும் வண்டியில் இப்புதிய வாரை அமைத்தது.

இவ்வாருக்கு எண்ணெய் வேண்டுவதில்லை. ஆதலின் அழுக்கும் ஆடைக்கறையும் இல்லை. ஓசை மிகக் குறைவு. பல்லாயிரம் கிலோமீட்டர் உழைக்கும். எஞ்சின் ஓசையற்ற மின்வண்டிகளில் சங்கிலியின் ஒலி செவிக்கு உறுத்தலாகத் தோன்றும். அங்கு வார் மிகப் பொருந்துகிறது. 2018ஆம் ஆண்டில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ஏத்தர் 450 என்னும் மின் ஸ்கூட்டரில் பின்சக்கரத்தைச் சுழற்றுவது வாரே. கியர் மாற்றாத பெட்ரோல் ஸ்கூட்டர்களிலும் ஒரு வார் உண்டு. ஆனால், அது வேகநிலையை மாற்றும் பணிக்கு உரியது. அங்குச் சக்கரத்தை இறுதியாகச் சுழற்றுவன பற்சக்கரங்களே. இரண்டனையும் ஒன்றெனக் கொள்ளுதல் கூடாது.

வாரின் குறைகளும் அறியத்தக்கன. வலிமைக்கு ஏற்ப அது அகன்றிருத்தல் வேண்டும். கூர்மையாக மடக்கினால் உள்ளிழைகள் முறியுமாதலால், அதனைத் தாங்கும் கப்பிகள் பெரியனவாக இருத்தல் வேண்டும். கூரிய கல் ஒன்று வாருக்கும் கப்பிக்கும் இடையே புகுந்தால் வார் துளைபடும். பின்னொரு நாள் திடீரென அறும். இணைப்பில்லா முழு வளையமாதலின், அதனை மாற்றப் பல வண்டிகளில் பின்சக்கரத்தோடு அதனைத் தாங்கும் சட்டத்தையும் கழற்ற நேரும். சிற்றூர்க் கடைகளில் அது கிடைப்பதும் அரிது.

மூன்றாவது தண்டு. பெல்ஜியம் நாட்டின் எஃப்.என். நிறுவனம் 1905ஆம் ஆண்டிலேயே, நான்கு சிலிண்டர் கொண்ட தன் வண்டியில் தண்டு இயக்கத்தை அமைத்தது. 1923ஆம் ஆண்டில், ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தைச் சார்ந்த மாக்ஸ் ஃபிரிஸ் என்பவர் ஆர் 32 என்னும் வண்டியை வகுத்தார். அவர் எஞ்சினின் சுழல்தண்டை வண்டியின் நீளவாட்டில் அமைத்தார். எனவே, சுழற்சி நேராகப் பின்னோக்கிச் சென்று, சக்கரத்தின் அருகே கூம்புப் பற்சக்கரங்களால் ஒரேமுறை திரும்பினாற் போதியதாயிற்று. எஞ்சின் குறுக்குவாட்டில் அமைந்தாலோ, அச்சுழற்சி இருமுறை திரும்ப வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஆற்றலில் சிறு பங்கு வெப்பமாகி வீணாகும்.

தண்டின் பெருமை அதன் அமைதியான உழைப்பே. எல்லா உறுப்புகளும் உறைக்குள் எண்ணெயில் தோய்ந்து சுழல்கின்றன. மழையும் மணலும் அவற்றை அணுகா. குறித்த காலத்தில் எண்ணெயை மாற்றுவதன்றி அன்றாடக் கவனிப்பு ஏதும் வேண்டுவதில்லை. நெடுந்தொலைவு செல்வோர்க்கு இது பெருவரமாகும். ஆயினும், அது எடை மிக்கது; விலை மிக்கது; பழுதுற்றால் வழியில் செப்பனிட இயலாதது. மற்றுமொரு விந்தை அதற்கு உண்டு. வேகத்தைக் கூட்டினால் வண்டியின் பின்புறம் சற்றே எழும், குறைத்தால் தாழும். வளைவில் சாய்ந்து செல்லும்பொழுது வேகத்தைத் திடுமெனக் குறைத்தால், பின்புறம் தாழ்ந்து அடிப்பகுதி தரையில் உரசுதலும் கூடும். இதனைத் தணிக்க, 1987ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தண்டில் இரண்டாம் மூட்டொன்றையும் துணைக்கோல் ஒன்றையும் சேர்த்தது.

இவ்வளவும் கண்டபின், மூன்றனுள் சிறந்தது யாது என்னும் வினாவிற்கு விடை காண்போம். தண்டினால் புகழ்பெற்ற அதே ஜெர்மன் நிறுவனம், 2006ஆம் ஆண்டில் எஃப் 800 எஸ் என்னும் வண்டியில் வாரை அமைத்தது. 2009ஆம் ஆண்டில், பந்தயக் களத்திற்கென வகுத்த எஸ் 1000 ஆர்ஆர் என்னும் வண்டியில் சங்கிலியை அமைத்தது. வாரினை மீட்டுக் கொணர்ந்த ஹார்லி டேவிட்சன் நிறுவனமும், கல்லும் மண்ணும் நிறைந்த வழிகளுக்கென 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட பான் அமெரிக்கா என்னும் வண்டியில் சங்கிலியையே கையாண்டது. வல்லுநர் தம் பழம்புகழை நோக்கினாரல்லர். செய்யவேண்டிய பணியையே நோக்கினர்.

விரைவும் எளிமையும் வேண்டுவோர்க்குச் சங்கிலி. தூய்மையும் அமைதியும் வேண்டுவோர்க்கு வார். நெடும்பயணமும் குறைந்த கவனிப்பும் வேண்டுவோர்க்குத் தண்டு. ஒவ்வொன்றும் ஒரு நன்மையை அளித்து, அதற்கு ஈடாக ஒரு கடமையைக் கேட்கிறது. சங்கிலி எண்ணெயையும் நேரத்தையும் கேட்கிறது. வார் கல்லற்ற வழியைக் கேட்கிறது. தண்டு பொருளைக் கேட்கிறது. எக்கடமையை இடையறாது ஆற்ற இயலும் என்று எண்ணிப் பார்த்துத் தேர்வதே அறிவுடைமை. சங்கிலியைத் தேர்ந்தவர், 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை அதனைத் துடைத்து எண்ணெயிட்டு, வண்டியின் கையேடு கூறும் அளவிற்குத் தளர்வைச் சரிசெய்து வருவாராயின், விலை குறைந்த அச்சங்கிலியே அவரை நெடுங்காலம் இடரின்றிச் சுமந்து செல்லும். பேணாதவர்க்கோ, விலையுயர்ந்த தண்டும் நடுவழியில் நின்றுவிடும். கருவியின் சிறப்பில் பாதி அதனைச் செய்தவர் கையில் உளது. மறுபாதி அதனைப் பேணுபவர் கையில் உளது.