பங்குனி ஆமை முட்டைக்கு வேண்டிய ஈரம்

தை பிறந்தது முதல் பங்குனி முடியும் வரையில், நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட சென்னைக் கடற்கரையில் நள்ளிரவில் நடந்து, பங்குனி ஆமைகள் இட்டுச் சென்ற முட்டைகளை நாய்களுக்கும் நரிகளுக்கும் முன்பாகக் கண்டெடுத்து, பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கும் காரியத்தில் பல பருவங்களாக ஈடுபட்டு வந்திருக்கிறேன். 1970களில் ராமுலஸ் விட்டேக்கர், சதீஷ் பாஸ்கர் முதலியோர் இக்கரையில் தொடங்கி வைத்த அந்தப் பணியை 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று சிரத்தையோடு நடத்தி வருகிறது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த ஜீவனைக் காப்பதால், வனத்துறையின் அனுமதியில்லாமல் எவரும் அதன் முட்டையைத் தொடலாகாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் உஷ்ணத்தைப் பற்றியே கேட்கிறார்கள். ஈரத்தைப் பற்றி முதலில் கேட்பவரை நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன். ஆனால் என் அபிப்பிராயத்தில், ஈரம் சரியாக அமைந்த கூட்டில் மற்றவை பெரும்பாலும் தாமாகவே சரியாகிவிடுகின்றன. இந்த முட்டையின் ஓடு மெல்லிய தோல் போன்றது. நீரும் காற்றும் அதன் வழியே போக்குவரத்துச் செய்கின்றன. அப்பொழுதுதான் இட்ட முட்டையை விளக்கொளியில் பார்த்தால், ஒரு பக்கத்தில் விரல் நுனி பதியும் அளவுக்குச் சிறு குழிவு இருக்கும். ஈரமணலில் கிடந்து நீரை உறிஞ்ச உறிஞ்ச அந்தக் குழிவு நிரம்பி, முட்டை உருண்டு விறைத்துவிடுகிறது. மணல் வறண்டிருந்தாலோ அந்தக் குழிவு ஆழமாகிக்கொண்டே போகும்.

ஆகவே கூடு தோண்டுவதில்தான் ஈரத்தின் நிர்வாகம் முழுவதும் அடங்கியிருக்கிறது. உவா நாட்களின் அலையும் எட்டாத மேட்டைத் தேர்ந்து, கட்டட மண்ணோ களியோ கலக்காத சுத்தமான கடல்மணல் உள்ள இடத்தில், மேலே பொலபொலவென்று சரிகின்ற வெளிர்ந்த உலர்மணலை அகலமாக வழித்து ஒதுக்கிவிட்டு, நிறம் கறுத்த ஈரமணல் தென்பட்ட பிறகே குழியைத் தொடங்க வேண்டும். இந்த வழித்தலில் சோம்பல் பட்டால், தோண்டத் தோண்ட உலர்மணல் உள்ளே ஒழுகி, முட்டைகளுக்கு இடையில் வறண்ட பட்டைகளாகத் தங்கிவிடும். ஒரு பிடி மணலை எடுத்து இறுக்கிக் கையை விரித்துப் பாருங்கள்: பிடித்த வடிவம் நிற்க வேண்டும், விரலால் தொட்டதும் உதிர வேண்டும், உள்ளங்கையில் நீர் மட்டும் கசியக்கூடாது. இந்தப் பிரமாணத்துக்கு மேலான கருவி ஒன்றை நான் இதுவரை தேடியதில்லை. பிறகு தாய் ஆமை பின்துடுப்பால் தோண்டியிருந்த கூட்டை அப்படியே பின்பற்றி, கழுத்து குறுகி வயிறு அகன்ற கூஜா வடிவில், ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் ஆழத்துக்கு முழங்கை மறையக் கைவிட்டுக் குடைய வேண்டும். முட்டைகளோடு அவை கிடந்த கூட்டின் மணலையும் கொஞ்சம் பையில் அள்ளி வந்து உள்ளே இடுவது வழக்கம். சில மணி நேரத்துக்குள் கரு முட்டையின் உச்சிப்புறத்து ஓட்டோடு ஒட்டத் தொடங்கிவிடும் என்பதால், இவ்வளவையும் அதற்குள் முடித்தாக வேண்டும். அதன் பின் முட்டையைப் புரட்டினால் கரு அறுந்து மடிந்துவிடும்.

தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்கும் நண்பர்களிடம் நான் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்கிறேன். மணற்பரல்களின் இடைவெளியில் காற்று இருக்கும் வரையில்தான் கரு சுவாசிக்கிறது; அந்த இடைவெளியை நீர் அடைத்துக்கொண்டால், நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள் ஒரே குழியில் பிராணவாயு இன்றித் திணறும், பூஞ்சையும் பற்றும். குஞ்சுகள் வளர்ந்து அவற்றின் சுவாசமே கூட்டைச் சூடாக்குகின்ற கடைசிப் பகுதியில் இந்த ஆபத்து அதிகம். கூடுகளுக்கிடையே ஒரு மீட்டராவது விட வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

சித்திரை வெயிலில் மேல்மணல் கொதிக்கும்போது ஓலைப் பந்தலால் நிழல் தருவது முதல் உபாயம். ஈரமணல் குளிர்ச்சியானது, வறண்ட மணல் சூடேறுவது. ஆகையால் ஈரம் குறைந்தால் முட்டைகள் வாடுவதோடு, குஞ்சுகளின் பால் விகிதமும் மாறிவிடுகிறது. கடலாமைக்கு உஷ்ணம் ஏற ஏறப் பெண் குஞ்சுகளே மிகும், குறைந்தால் ஆண். நிழலும் போதாத நாட்களில் மட்டும், மாலையில், நல்ல தண்ணீரை அகலமான பரப்பில் பூவாகத் தெளிக்கலாம், ஒரே கூட்டின் தலையில் குடத்தைக் கவிழ்க்கலாகாது. கடல்நீர் கூடவே கூடாது, அதன் உப்பு முட்டைக்குள் இருக்கும் நீரையே வெளியே இழுத்துவிடும்.

ஏறக்குறைய ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சுகள் மேலேறி வந்து, அவற்றைக் கடலில் சேர்த்த பின், கூட்டைத் தோண்டிப் பொரியாத முட்டைகளைப் பிரித்துப் பார்ப்பதை நான் கட்டாயமாக்கியிருக்கிறேன். நாற்றம் சகிக்க முடியாததுதான். ஆயினும் சுருங்கி வற்றியவை எத்தனை, ஊறிப் பூஞ்சை படர்ந்தவை எத்தனை, அவை குழியின் விளிம்பில் கிடந்தனவா அடியில் கிடந்தனவா என்று குறித்துக்கொண்டால், அடுத்த கூட்டை எவ்வளவு ஆழத்தில், எந்த மேட்டில் தோண்டுவது என்பது அந்தக் குறிப்பிலிருந்தே தெரியும். அழுகிய முட்டைகளை அங்கேயே மூடிவிடாமல் எட்ட எடுத்துச் சென்று புதைத்துவிட்டு, மறு வருஷம் பொரிப்பகத்தை வேறு புது மணலில் அமைப்பது நல்லது.